பத்து வீதம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவைக்கு வாசியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் வங்கியில் நிலையான வைப்பு போட்டிருக்கும் உம்மாவோ, மாமியோ, மௌத்தான காக்காவின் மனைவியோ இருந்தால் தள்ளிப்போடாமல் வாசியுங்கள். அவர்களுடைய காசைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஒரு விதவைத் தாய். புருஷன் மௌத்தானபோது கிடைத்ததையும், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியதில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்துப் பத்து லட்சம் ரூபாயை வங்கியில் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 8 வீதம் கிடைக்கிறது என்றும் வையுங்கள். 80,000 ரூபாய். அவருக்கு வேறு வருமானம் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டி வருமானத்தில் 10 வீதத்தை வங்கியே முற்பண வருமான வரியாகப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன் 5 வீதமாக இருந்தது. ஆக, அவருடைய 80,000 இல் 8,000 போய்விடும்.

இப்போது இன்னொருவர். நல்ல உத்தியோகம், வருடத்துக்கு 28 லட்சம் ரூபாய் சம்பளம். அதே 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 18 லட்சம். மிச்சம் 10 லட்சத்துக்கு முதல் படி வீதம் 6. அவர் கட்டுவது 60,000. அவருடைய மொத்த வருமானத்தில் இது இரண்டு வீதத்துக்குச் சற்று மேலே.

28 லட்சக்காரர் நூற்றுக்கு இரண்டு கொடுக்கிறார். 80,000 ரூபாய்க்காரி நூற்றுக்குப் பத்துக் கொடுக்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

"இல்லை டீச்சர், சட்டத்தில் அப்படி இல்லை, 18 லட்சத்துக்குக் கீழே உள்ளவர் சுயபிரகடனம் கொடுத்தால் வங்கி பிடிக்காது, பிடித்ததையும் திருப்பி எடுக்கலாம்" என்று விவரம் தெரிந்தவர்கள் உடனே வருவீர்கள். தெரியும். என் கோபமே அதில்தான் இருக்கிறது. சட்டம் அந்தத் தாயை வரிக்காரி என்று சொல்லவில்லை. அவர் கட்ட வேண்டிய வருமான வரி என்று எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பிடிக்கப்படுகிறது. ஏனென்றால் அவர் ஒரு கடதாசி கொடுக்கவில்லை. அந்தக் கடதாசி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. வருமானத்துக்கு விழுகிற வரி இல்லை இது. கடதாசி தெரியாதவருக்கு விழுகிற தண்டம்.

வட்டி வேண்டாம் என்று இஸ்லாமிய முறைக் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்கள் "நமக்கு இது இல்லை" என்று இருக்க வேண்டாம். உங்கள் இலாபப் பங்கிலும் இதே கழிவு விழும். புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

கடதாசியின் பாதையைச் சொல்கிறேன். முதலில் டின் இலக்கம் வேண்டும், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்று 2023 இல் வர்த்தமானி வந்தது. 2024 தொடக்கத்தில் "பதியாவிட்டால் 50,000 ரூபாய் வரை தண்டம்" என்ற செய்தி ஊரெல்லாம் ஓடியது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பீதி அடைந்து ஓடியவர்கள் யார்? வியாபாரிகளா? இல்லை. ஏ.எல் எழுதிய பிள்ளைகளும் அறுபது வயது உம்மாமாரும்தான். டின் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை என்பதைப் பிறகுதான் நிதானமாகச் சொன்னார்கள். தண்டம் முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது.

டின் கிடைத்த பிறகு சுயபிரகடனப் படிவம். அதைக் கணக்குள்ள ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் முடியாது, ஏப்ரலில் தொடங்கும் ஒவ்வொரு மதிப்பீட்டாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் பிடித்துவிடுவார்கள். பிடித்ததைத் திருப்பி எடுக்க, அடுத்து வரும் நவம்பர் 30 க்குள் வருமான விவரத்திரட்டு அனுப்ப வேண்டும். 8,000 ரூபாய்க்காக அந்தத் தாய் இதெல்லாம் செய்வாரா? கொமியூனிகேஷன் கடைக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்த பிறகு அதில் எவ்வளவு மிஞ்சும்? "போகட்டும் மகள், அல்லாஹ் வேறு வழியில் தருவான்" என்று விட்டுவிடுவார். அப்படி விட்டுவிடுவார் என்பதில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. லட்சக்கணக்கானவர்கள் எட்டாயிரம், நாலாயிரம் என்று விட்டால் அது யாருடைய பணமாகிறது?

வரியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டில் வருமான வரி 1932 இல் இருந்து இருக்கிறது. நானும் என் கணவரும் வாங்குவது வரிப்பணத்தில் வரும் சம்பளம். 2019 கடைசியில் வரிகளை வெட்டித் தள்ளியதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று 2022 இல் பார்த்தோம். காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடன் தர ஒப்புக்கொண்டபோது வரியைக் கூட்டு என்றுதான் சொன்னது. சரி, கூட்டுங்கள். ஆனால் அந்த விதவைத் தாய் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் 2024 இல் இருந்து 18 வீத வற் வரி கட்டுகிறார். அதற்கு அவரிடம் டின் கேட்கவில்லை, படிவம் கேட்கவில்லை. வாங்கும்போது எந்தக் கடதாசியும் தேவைப்படவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் நாலு கடதாசி.

இனி மொழிக்கு வருகிறேன். இதை ஒரு பத்தியில் முடிக்க முடியாது.

1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் 16 ஆவது திருத்தம் இன்னும் தெளிவாக்கியது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தை எடுத்து வாசியுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், பொதுப் பதிவேடுகள் தமிழில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழில் எழுதிக் கேட்பவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை இருக்கிறது. அரசியலமைப்பு என்பது இந்த நாட்டின் அதியுயர் சட்டம். யாராவது இரங்கித் தருகிற சலுகை கிடையாது. 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டதில் இருந்து கரையோரத்து மக்கள் எந்தக் கந்தோருக்குப் போய் எந்த மொழியில் நிற்கிறார்கள் என்று நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நம் வாப்பாமார் சொன்ன கதையைத்தான் நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

எனக்கே போன வருடம் ஒரு அரச கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் வேண்டாம். முழுக்கச் சிங்களம். நான் தமிழ்மொழி மூலம் படித்து, கலாசாலையில் பயிற்சி எடுத்து, பதினொரு வருடம் படிப்பிக்கிறேன். அந்தக் கடிதத்தின் முன்னால் நான் எழுத்தறிவில்லாத ஆள். பக்கத்து வீட்டில் மகியங்கனையில் வேலை செய்த ஒருவர் வாசித்துச் சொன்னார். பதினாலு நாளுக்குள் பதில் தா என்று இருந்தது. தபால் என் கைக்கு வரும்போது ஒன்பது நாள் போயிருந்தது. நான் தமிழில் பதில் எழுதினேன், பதிவுத் தபாலில் அனுப்பினேன், பற்றுச்சீட்டை வைத்திருக்கிறேன். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை. எனக்குப் பதினாலு நாள், அவர்களுக்கு எல்லை இல்லை.

இன்னொரு வேடிக்கை. இறைவரித் திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பு 2 இல் எந்த வீதியில் இருக்கிறது தெரியுமா? சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. நல்ல தமிழ்ப் பெயர். வீதிப் பலகையில் தமிழ் பிரச்சினையில்லாமல் இருக்கும். பிரச்சினை கடித உறைக்குள்ளேதான் தொடங்குகிறது.

அடுத்தது பெயர். இது நம் ஊர்களுக்கே உரிய தலையிடி, கொழும்பில் இருந்து படிவம் வரைகிறவருக்கு இது கனவிலும் வராது. நம்மில் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, காணி உறுதியில் இன்னொரு மாதிரி. முஹம்மது, முகம்மது, மொஹமட், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எம் கூட, கடைசியில் ஒரு யூ குறைய. லெப்பையும் பாவாவும் ஒரு கடதாசியில் பெயருக்குள் இருக்கும், மற்றதில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வாப்பாவின் முதலெழுத்து, சிலருக்குப் புருஷனுடையது. தமிழில் சொன்ன பெயரைப் பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதினார், அதை வேறொருவர் சிங்களத்தில் எழுதினார், அதைப் பார்த்து இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதினார். இப்போது கணினி "பொருந்தவில்லை" என்கிறது.

இதோடு சுனாமியையும் சேருங்கள். 2004 டிசம்பர் 26 மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உயிரையும் வீட்டையும் கொண்டுபோனது போலப் பெட்டியில் இருந்த கடதாசியையும் கொண்டுபோனது. பிறகு எடுத்த பிரதிகளில் அவசரத்தில் விழுந்த பிழைகள் இன்னும் திருந்தவில்லை. ஒரு எழுத்தைத் திருத்தக் கிராம சேவகர், பிரதேச செயலகம், பதிவாளர் என்று அலைந்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கருத்தில் எழுதுங்கள், எத்தனை மாதம் எடுத்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். கடல் கொண்டுபோன கடதாசிக்கு அரசாங்கம் நம்மிடம் கணக்குக் கேட்கிறது.

அரசாங்கத்துக்கு வேகமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே அதை நிறுத்த முடிவெடுத்தார்கள். (அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.) நான் சொல்ல வருவது, வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் பேனா ஓடும். வேண்டாமென்றால் என்ன நடக்கும் என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலையைப் பாருங்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்குச் சவூதி கட்டித் தந்த 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கிலும் கடதாசியிலும் சிக்கி வருடக்கணக்காகப் பற்றைக்காடாகிக் கிடந்தன. ஆசிரியர்களுக்கும் இது தெரியும். பதவியுயர்வு நிலுவைக்கும் சம்பள ஏற்றத்துக்கும் எத்தனை தடவை வலயத்துக்கும் மாகாணத்துக்கும் இடையில் நடந்திருப்போம். நம்முடைய நிலுவைக்கு யாரும் வட்டி தருவதில்லை. ஆனால் வரி ஒரு மாதம் பிந்தினால் மாதத்துக்கு 1.5 வீதம் ஏறும்.

கந்தோரில் இருக்கும் லிகிதரைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. அவர்களில் பலர் நம் பிள்ளைகள், நம்மிடம் படித்தவர்கள். ஒரு மேசையில் மூன்று பேருடைய வேலை. வங்கியில் கவுண்டரில் இருக்கும் தங்கச்சியும் அப்படித்தான். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது அவர் யாருக்கு சுயபிரகடனம் விளக்குவது? குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது. "நீ கேட்டால் தருவேன், கேட்கத் தெரியாவிட்டால் எடுப்பேன்" என்ற ஏற்பாடு.

இப்போது நம்மையும் கொஞ்சம் பேச வேண்டும். சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

"டின் எடுத்தா மாட்டிக்குவம்" என்று சந்திக்குச் சந்தி சொல்லித் திரிகிறவர்களே, உங்கள் பேச்சைக் கேட்டு டின் எடுக்காமல் இருந்த உம்மாமார்தான் இன்று மாட்டியிருக்கிறார்கள். வங்கி சுயபிரகடனத்தோடு அந்த இலக்கத்தையும் கேட்கிறது. இலக்கம் இல்லாததால் மாதாமாதம் பிடிபடுகிறது. மறைக்க ஏதுமுள்ள வியாபாரிக்கு உங்கள் ஆலோசனை பொருந்தலாம். மறைக்க ஒன்றுமே இல்லாத ஏழைக்கு ஏன் சொன்னீர்கள்?

கொமியூனிகேஷன் கடைக்காரத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்களில் நல்லவர்கள் நிறையப் பேர், இரவு பத்து மணிவரை இருந்து செய்து கொடுத்தீர்கள், அது தெரியும். ஆனால் ஒரு வேலை நடந்திருக்கிறது. பதியும்போது மின்னஞ்சல் கேட்கும், தொலைபேசி இலக்கம் கேட்கும். வந்தவரிடம் மின்னஞ்சல் இல்லை, ஆகவே கடையின் மின்னஞ்சலையே போட்டுவிட்டீர்கள். ஒரே மின்னஞ்சலில் எத்தனை பேர்! அவசரத்துக்கு அது உதவி மாதிரித் தெரிந்தது. இனி அந்த ஆளுக்குத் திணைக்களம் அனுப்பும் எந்த அறிவித்தலும் உங்கள் கடைப் பெட்டியில் விழும். நீங்கள் திறந்து பார்க்கப் போவதில்லை. "அறிவித்தோம், பதிலில்லை" என்று அங்கே பதிவாகும். கடவுச்சொல்லும் உங்கள் கொப்பியில், அடையாள அட்டையின் படமும் உங்கள் கணினியில். கடையை மூடிவிட்டு நீங்கள் கட்டாருக்குப் போனால் அந்த மனிசன் எங்கே போவார்?

நம் அரசியல்வாதிகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கரையோர மாவட்டம், பிரதேச செயலகம், எல்லை என்று முப்பது வருடமாகக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இருக்கிற கந்தோரில் இருந்து ஒரு தமிழ்க் கடிதம் வரவைக்க யாராவது ஒருவர் பாராளுமன்றத்தில் எழும்பி நின்றாரா? எல்லை கேட்டால் வாக்கு வரும். படிவம் கேட்டால் வராது.

ஆசிரியர்களாகிய நாம்? ஓ.எல் பிள்ளைக்குப் பாராட்டுரை எழுத, நண்பனுக்குக் கடிதம் எழுதப் படிப்பிக்கிறோம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையிடம் உம்மாவின் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்து "இந்தக் கழிவு என்ன?" என்று கேளுங்கள். தெரியாது. என் வகுப்பில் போன தவணை கடிதப் பாடத்துக்கு "அரச கந்தோருக்கு ஒரு முறைப்பாடு" என்று கொடுத்தேன். பிள்ளைகள் எழுதிய முதல் வரி, பாதிக்கு மேல், "தங்களுக்குச் சிரமம் தருவதற்கு மன்னிக்கவும்". பதினைந்து வயதுப் பிள்ளை தன் உரிமையைக் கேட்கும்போது மன்னிப்போடு தொடங்குகிறது. யாரிடம் கற்றது அது?

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சுயபிரகடனத்தை ஒரு தடவை கொடுத்தால், வருமானம் மாறும்வரை அது செல்லட்டும், வருடா வருடம் விதவைகளை வங்கிக்கு இழுக்க வேண்டாம். கணக்குத் திறக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வங்கி தானாகவே அந்தப் படிவத்தைத் தமிழில் நீட்டட்டும். வட்டியே வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டாத கணக்கில் அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே பார்த்துக்கொள்ள முடியாதா? 18 வயதானவர் எல்லோருடைய பெயரும் கேட்கும் அரசாங்கத்துக்கு, யாருக்கு வருமானம் இல்லை என்று பார்ப்பதா கஷ்டம்? கல்முனையிலோ சம்மாந்துறையிலோ பொத்துவிலிலோ வருடத்தில் இரண்டு நாள், தமிழ் பேசும் அலுவலர்களோடு ஒரு நடமாடும் சேவை. பெயர்ப் பிழையை அங்கேயே தீர்க்கப் பதிவாளரும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் ஒரு போட்டோ எடுக்கும் வைபவமாக முடியும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது. எல்லா வீட்டிலும் அலுமாரிக்கு மேலே ஒரு ஷொப்பிங் பேக் இருக்கிறது, விளங்காத கடதாசியெல்லாம் அதற்குள். அதை இந்தக் கிழமை இறக்குங்கள். கடிதத்தை மட்டும் எடுத்து உறையை வீசாதீர்கள், தபால் முத்திரைத் திகதி உங்களுக்குச் சாட்சி. திகதி போட்டுப் பதில் கேட்கிறவற்றை ஒரு பக்கம் வையுங்கள், அவைதான் முதலில். விளங்காத மொழியில் வந்தால் "இதைத் தமிழில் அனுப்புங்கள், கிடைத்த பின் பதில் தருகிறேன்" என்று தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். திகதி நெருங்கியிருந்தால் யாரிடமாவது வாசிப்பித்துப் பதிலையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள், ஏனென்றால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தண்டத்தை அது நிறுத்தாது. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் கடிதத்துக்கு என்ன நடந்தது" என்று தகவல் அலுவலரிடம் கேட்டால் பதினாலு வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தடவை நாள் எண்ணுவது நாம்.

என் பாடசாலையில் இன்னும் மூன்று ஆசிரியர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அசருக்குப் பிறகு என் வீட்டு முன் விறாந்தையில் இருப்போம். காசு இல்லை. நெற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு, எந்த ஊரென்றாலும், எந்தச் சமூகமென்றாலும் வரலாம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அந்த ஷொப்பிங் பேக், உங்களுடைய சொந்தப் போன் நான்கையும் கொண்டு வாருங்கள். மகனுடைய போன் வேண்டாம். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அங்கேயே உங்கள் பெயரில் திறந்து, கடவுச்சொல்லை உங்கள் கையாலேயே கொப்பியில் எழுதவைத்துத்தான் அனுப்புவோம். வீடு தெரியாதவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள்.